பத்துப் பேருக்கும் எட்டாம் நம்பர்

"என் செருப்பு ஒருத்தரோட காலை எடுத்துடுச்சுன்னு எழுதியிருக்காங்க. அது நிஜமா, பொய்யா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்," என்றார் அக்தர் பானு.

2008 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி. சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அலுவலகம். வாசலில் 'டோரதி துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை. வருகிற வேலையில் முக்கால்வாசி வரன் விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, சொன்ன சம்பளம் உண்மையா, அவ்வளவுதான். நான் விசாரிப்பேன். என் கணவர் ஜெஃப்ரி ஸ்கூட்டர் ஓட்டுவார், டீ போடுவார், வாய் ஓயாமல் பேசுவார். விசிட்டிங் கார்டில் 'உதவியாளர்' என்று அவரே போட்டுக்கொண்டார்.

அக்தர் பானுவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆம்பூரில் இருபத்திரண்டு பெண்களை வைத்து, சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்களுக்குச் செருப்பு செய்கிறார். உள்ளே மெத்தென்ற ரப்பர். ஓர் ஆணிகூடக் கிடையாது, எல்லாம் பசையும் தையலும்தான். இணையத்தில் படம் போட்டு, பார்சலில் அனுப்பி விற்பார். வாங்கியவர்கள் கருத்து எழுதும் ஒரு தளத்தில் ஒன்பது பேர் அந்தச் செருப்பைப் புகழ்ந்து எழுதினார்கள். மே மாதம் ஆர்டர் குவிந்தது. ஜூலையில் பத்தாவதாக ஒருவர் எழுதினார். அத்தோடு ஆர்டர் நின்றுபோனது.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்றேன்.

"பேர்ணாம்பட்டு ரோட்டுல போட்டி யூனிட் ஒண்ணு இருக்கு. அவங்க வேலைதான்னு எல்லாரும் சொல்றாங்க. இருக்கட்டும் மேடம். பொய்யின்னா இன்னைக்கு ராத்திரி தூங்குவேன். நிஜம்னா நாளைக்கே ஷட்டரை இறக்கிடுவேன். எங்க அப்பா காலில்லாமதான் போனார். அதனாலதான் இந்தத் தொழிலையே ஆரம்பிச்சேன்."

அவர் உட்காரவே இல்லை. பத்துத் தாள்களையும் மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. ஜெஃப்ரி முதல் ஒன்பதையும் தமிழ்ப்படுத்தியபடி வாசித்தார். "எங்க அப்பா ஆறு வருஷம் கழிச்சு கோயிலுக்கு நடந்து போனார், நான் கண்ணீர் விட்டேன். இது லக்னோ. எங்க அம்மா சந்தைக்கு நடந்து போனாங்க, குடும்பமே அழுதது. இது கொச்சி. மாமனார் கடற்கரைக்கு நடந்தார், வார்த்தையே வரல. இது பூனா." தாளை இறக்கினார். "பூனாவுல எங்க இருந்து கடற்கரை வந்துச்சு? ஒன்பது பேரும் அழுதிருக்காங்க. இது செருப்பா, வெங்காயமா?"

அக்தர் பானு சிரிக்கவில்லை. பத்தாவது தாளை என் பக்கம் தள்ளினார். அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை.

'அப்பாவுக்குக் கறுப்பு நிறத்தில் வாங்கினேன். அவர் ஏழாம் நம்பர்தான் போடுவார். எட்டுதான் இருக்கிறது, தளர்வாக இருந்தால் நல்லதுதான் என்று அனுப்பினார்கள். அவருக்கு வலிக்கவே இல்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. தரை துடைக்கும்போது நான்தான் பார்த்தேன். கட்டிலிலிருந்து குளியலறை வரை பொட்டுப் பொட்டாக இருந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வலது செருப்பு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. அதை எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.'

ஜெஃப்ரி தாளை வாங்கி இன்னொரு முறை படித்தார்.

"நல்லா எழுதியிருக்காங்க," என்றார் ஜெஃப்ரி. "ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. அதான் இடிக்குது."

எனக்கும் இடித்தது. துப்பறிய வருவதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் புகார்க் கடிதங்கள் படிக்கும் வேலையில் இருந்தேன். நிஜமாக இழந்தவர்கள் கோர்வையாக எழுத மாட்டார்கள், பாதியில் விடுவார்கள், சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள் என்பது என் அனுபவம். கடைசி வரி அழகாக முடிந்தால் கடிதத்தைச் சந்தேகப்படு என்று எனக்கு நானே விதி வைத்திருந்தேன். அந்த விதி எவ்வளவு தப்பு என்று இப்போது தெரியும். ஜெஃப்ரி இறந்துபோன பிறகு, பால்காரருக்கு இனிமேல் அரை லிட்டர் போதும் என்று ஒரு சீட்டு எழுதினேன். அந்த ஒரு வரி அவ்வளவு கச்சிதமாக வந்தது.

அன்றைக்கு அது தெரியாது. பத்துத் தாள்களையும் வரிசையாகப் பரப்பி, உணர்ச்சி வார்த்தைகளையெல்லாம் பென்சிலால் அடித்தேன். கண்ணீர், அதிசயம், தெய்வம், வார்த்தையே வரல, எல்லாவற்றையும். ஒன்பது தாள்களில் மிச்சம் எதுவும் நிற்கவில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

"ஏங்க, லக்னோ அப்பாவுக்கு என்ன நம்பர்?"

"எட்டு."

"கொச்சி அம்மாவுக்கு?"

ஜெஃப்ரி தேடினார். "எட்டு. கிட்டத்தட்ட என் கால் அளவு. அந்தம்மா போலீஸ்ல இருந்தாங்களா?"

பூனா எட்டு. போபால் எட்டு. பத்துத் தாளிலும் எட்டாம் நம்பர்.

"நாம காலணிக் கடைக்குப் போனா பத்துப் பேருக்குப் பத்து நம்பர் எடுத்துப் போடுவாங்க," என்றேன். "இங்கே பத்துப் பேருக்கும் ஒரே நம்பர். பத்தையும் எழுதினது ஒரே ஆள். அந்த ஆள் முன்னாடி ஒரே ஒரு ஜோடி செருப்பு இருந்திருக்கு. பானும்மா, படம் எடுத்துப் போட்டது யாரு?"

அவர் முகம் மாறியது. "ரோஹன். நம்ம வெப்சைட் பாக்குறவன். அவன் எதுக்கு என்னை அழிக்கணும்?"

"அதை அவர்கிட்டயே கேப்போம்."

*

ரோஹனின் பிரவுசிங் சென்டர் ஆம்பூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருந்தது. நாங்கள் போனபோது மின்வெட்டு நேரம். ஆறு கம்ப்யூட்டர்களும் அணைந்திருக்க, ஜன்னலோரம் ஒரு முப்பது வயதுக்காரர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அவர் மேஜையில், வெள்ளைத் துணி விரித்து, ஒரு ஜோடி பழுப்பு நிறச் செருப்பு.

அக்தர் பானு வாசலிலேயே நின்றுவிட்டார். அவரைப் பார்த்ததும் ரோஹன் எழுந்தார்.

ஜெஃப்ரி பத்துத் தாள்களையும் சீட்டு போடுவதுபோல் மேஜையில் போட்டார். "தம்பி, உங்களுக்கு மொத்தம் எத்தனை அப்பா?"

"என்ன சார்?"

"லக்னோவுல ஒருத்தர், போபால்ல ஒருத்தர். எல்லாரும் நடந்துக்கிட்டே இருக்காங்க. பாவம், யாராவது உக்கார வைங்க."

ரோஹன் என்னைப் பார்த்தார், பிறகு அக்தர் பானுவைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம்.

"ஆபா," என்று அக்கா முறையில் அவரிடம் ஆரம்பித்தார். "எல்லாரும் பண்றாங்க. செல்போன் விக்கிறவன், டூர் நடத்துறவன் எல்லாரும் அவனவனே எழுதிக்கிறான். நல்ல செருப்புன்னு சும்மா எழுதினா யாரும் திரும்பிப் பாக்கல. அப்பா நடந்தார், நான் அழுதேன்னு எழுதினேன். அன்னைக்கே நாலு ஆர்டர். உங்க செருப்பு நல்ல செருப்புதானே. யாருக்கு என்ன நஷ்டம்?"

"பத்தாவது?" என்றேன்.

"அது நான் இல்ல."

"அதுலயும் எட்டாம் நம்பர்தான் இருக்கு."

"சத்தியமா நான் இல்ல மேடம். அதைப் படிச்சப்புறம் நான் எதுவும் எழுதல. எழுத வரல."

ஜெஃப்ரி நம்பாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் தாள்களை மறுபடி எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்பதையும் ஓட்டிப் படித்துவிட்டுப் பத்தாவதைப் படித்தேன். அப்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. ரோஹனின் அப்பாக்கள் எல்லாரும் கோயிலுக்கும் கடற்கரைக்கும் நடந்தார்கள். ஒருவருக்கும் வீடு இல்லை. பத்தாவதில் கட்டில் இருந்தது, குளியலறை இருந்தது, துடைக்க ஒரு தரை இருந்தது. ரோஹனுக்கு அந்தத் தரையை எழுதத் தெரியாது.

"இவர் இல்லைங்க," என்றேன்.

"அப்ப எட்டு?"

"அதான் தெரியல."

நான் தப்பாகக் கணக்குப் போட்டிருந்தேன். பத்துப் பேரும் ஒரே ஆள் இல்லை என்றால், பத்தாவது ஆளுக்கு எட்டு எங்கிருந்து வந்தது? அவரே எழுதியிருக்கிறார்: ஏழு கேட்டேன், எட்டு அனுப்பினார்கள். நான்தான் அதை அலங்காரம் என்று தாண்டிவிட்டேன்.

மேஜையிலிருந்த செருப்பை எடுத்துத் திருப்பினேன். அடியில் அச்சு: 8. குதிகாலுக்குக் கீழே பாதி கிழிந்த ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்.

"இது எப்ப வந்தது?"

"பிப்ரவரியில சென்னை கண்காட்சிக்குச் செஞ்சது. முடிஞ்சதும் போட்டோவுக்குன்னு ஒரு ஜோடி அனுப்புனாங்க."

செருப்புக்குள் கையை விட்டேன். மெத்தென்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். வாரின் வேர் இருக்கும் இடத்தில், ரப்பருக்கு அடியில், கூர்மையாக ஏதோ ஒன்று விரலை எதிர்த்தது.

அதை அப்படியே அக்தர் பானுவிடம் நீட்டினேன். அவர் கையை விட்டு அழுத்தினார். முகம் வெளுத்துப்போனது.

"ஆணி," என்றார். "என் செருப்புல ஆணி."

*

யூனிட்டில் பேக்கிங் பார்ப்பவர் முத்துமாரி. அக்தர் பானு மஞ்சள் ஸ்டிக்கரைக் காட்டிக் கேட்டதும் அவர் யோசிக்கக்கூட இல்லை.

"அது சாம்பிள் ஆபா, மாதிரி ஜோடி. கண்காட்சிக்குப் பன்னெண்டு ஜோடி செஞ்சோமே. மாதிரின்னா எப்பவும் எட்டாம் நம்பர்தான்." என் பக்கம் திரும்பினார். "பசை காயுற வரைக்கும் வாரைப் புடிக்க அடியிலேர்ந்து சின்ன ஆணி அடிப்போம் மேடம். விக்கிற செருப்புன்னா மறுநாள் புடுங்கிடுவோம். மாதிரியில புடுங்க மாட்டோம். கண்ணாடிக்குள்ள நிக்கப்போவுது, யாரு போட்டு நடக்கப்போறா?"

"அந்தப் பன்னெண்டும் எங்கே?" என்றேன்.

"ஒண்ணு ரோஹன் தம்பிகிட்ட. மிச்சம்..." நின்றார். "மே மாசம் ஆபா கான்பூர் போயிருந்தாங்க. ஆர்டர் ஜாஸ்தி, ஸ்டாக் கம்மி. அலமாரியில சும்மா கெடந்துச்சேன்னு..."

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்கே புரிந்துவிட்டது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜெஃப்ரி என் காதருகே வந்தார். குரலில் விளையாட்டு இல்லை. "புது ரப்பர்ல ஆணி தெரியாது. நாலு வாரம் நடந்தா ரப்பர் அமுங்கும். ஆணி அமுங்காது."

"போட்டிருக்கிறவங்களுக்கு வலிக்காது," என்றேன்.

பதினொரு ஜோடி. பார்சல் சீட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து முத்துமாரியே பிரித்தார். ஏழு கேட்டு எட்டு அனுப்பியது, கறுப்பு நிறம், ஒன்றே ஒன்று இருந்தது: ஜாம்ஷெட்பூர். அக்தர் பானு நின்றபடியே அந்த எண்ணை அழுத்தினார். உருதுவில் பேசினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வலது செருப்பைத் திருப்பிப் பார்க்கச் சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது. போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"மஞ்சள் ஸ்டிக்கர் இருக்காம். அந்த சைட்ல இவங்க எழுதினதைத் தவிர எல்லாமே பொய். அது ஒண்ணுதான் நிஜம்."

"இன்னும் பத்துப் பேர் இருக்காங்க பானும்மா," என்றேன்.

அடுத்த எண்ணை அழுத்தினார். நாக்பூர். அங்கே இருந்தவருக்குத் தமிழ் தெரியும். "சார், நான் ஆம்பூர்லேர்ந்து பேசறேன். எங்களை மன்னிக்கணும். நாங்க பெரிய தப்பு பண்ணிட்டோம், அல்லாஹ் மேல ஆணையா தெரியாம..." அழ ஆரம்பித்தார். எதிர்முனை வைத்துவிட்டது. மறுபடி அழுத்தினார். "எதுவும் வேணாம்மா, ஏற்கெனவே வாங்கியாச்சு," என்று மறுபடி வைத்துவிட்டார்கள்.

ரிசீவரை நான் வாங்கிக்கொண்டேன். மூன்றாவது முறை எடுத்ததும் மன்னிப்புக் கேட்கவில்லை, வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"செருப்பைக் கழட்டுங்க. உள்ளே கையை விட்டு, கட்டைவிரலால நல்லா அழுத்துங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அந்தப் பக்கம் செருப்பு தரையில் உரசும் சத்தம். பிறகு ஒரு ஆண்குரல், மெதுவாக: "என்ன இது?"

"காலைப் பாருங்க. இப்பவே டாக்டர்கிட்டப் போங்க."

அதே வாக்கியத்தை மற்றவர்களுக்கும் சொன்னேன். அக்தர் பானு அதை உருதுவில் எழுதி வைத்துக்கொண்டு வடக்கத்தி எண்களுக்குப் பேசினார். அழுகை வந்தபோதெல்லாம் வாயைப் பொத்தி நிறுத்திக்கொண்டு வாசித்தார். இரண்டு பேர் செருப்பை அளவு சரியில்லை என்று அலமாரியில் போட்டிருந்தார்கள். ஒருவர் போன வாரம்தான் போட ஆரம்பித்திருந்தார். விஜயவாடாவில் ஒரு அம்மாளுக்குப் புண் இருந்தது, சின்னதுதான். மூன்று மணிக்குள் ஒன்பது பேர் முடிந்தார்கள்.

பத்தாவது எண் சுவிட்ச் ஆஃப். மறுபடி, மறுபடி, அதே.

சீட்டை ஜெஃப்ரி வெளிச்சத்துக்குப் பிடித்தார். "வேலாயுதம், ஒடுகத்தூர். நாக்பூர் வரைக்கும் போன் போவுது. பக்கத்து ஊருக்குப் போவல."

ரோஹன் மூலையில் நின்றிருந்தார். அவரை யாரும் கூப்பிட்டு வரவில்லை, போகவும் சொல்லவில்லை. ஆணியில் மாட்டியிருந்த ஆம்னி வேன் சாவியை அவராகவே எடுத்தார்.

*

மாதனூரில் திரும்பியபின் ரோடு சரியில்லை. ரோஹன் வேகமாக ஓட்டினார். ஜெஃப்ரி வழியெல்லாம் வேலாயுதத்தின் எண்ணை அழுத்திக்கொண்டே வந்தார்.

ஒடுகத்தூரில் விசாரித்தால் உடனே கைகாட்டினார்கள். முப்பது வருஷம் வேலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், ஊருக்கே தெரியும். வீடு பூட்டியிருந்தது. நிலத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். வரப்பில் நாங்கள் நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஓடினோம். மல்லாட்டைச் செடிகளுக்கு நடுவே, மடித்துக் கட்டிய வேட்டியோடு ஒருவர் நின்று எங்களைப் பார்த்தார். காலில் பழுப்பு நிறச் செருப்பு.

"செருப்பைக் கழட்டுங்க," என்றேன். மூச்சு வாங்கியது.

"இன்னாம்மா, கோயிலா இது?"

"கழட்டுங்க சார்."

அவர் வரப்பில் உட்கார்ந்து கழற்றினார். அக்தர் பானு மண்ணில் மண்டியிட்டு வலது செருப்புக்குள் கையை விட்டார். உடனே கையை உதறி எடுத்தார். விரல் நுனியில் ரத்தம். நான் வேலாயுதத்தின் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, மண் ஒட்டிக் கறுத்து, ஒரு ஓட்டை. பட்டாணி அளவு. சுற்றிலும் வீங்கியிருந்தது.

"எத்தனை நாளா இருக்கு?" என்றார் ஜெஃப்ரி.

"எது?" வேலாயுதம் குனிந்து தன் பாதத்தையே வேறு யாருடையதோ போலப் பார்த்தார். "வலியே இல்லையே. நல்ல செருப்புன்னுல்ல நெனச்சேன்."

ஜெஃப்ரியும் ரோஹனும் அவரைக் கைகோத்துத் தூக்கி, பாதம் தரையில் படாமல் வேன் வரை கொண்டுவந்தார்கள். அக்தர் பானு பின்னால் நடந்தபடியே யூனிட்டுக்குப் போன் செய்தார். "முத்துமாரி, மெஷினை நிறுத்து. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு. ஷட்டரை இறக்கு. நாளைக்கு என்னன்னு நாளைக்குச் சொல்றேன்." சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். முகத்தில் அழுகை இல்லை.

வேலூருக்குப் போகும் வழியில் அவரே எல்லாவற்றையும் வேலாயுதத்திடம் சொன்னார். மாதிரி ஜோடி, ஆணி, ஜாம்ஷெட்பூர்க்காரரின் கால். எதையும் குறைக்கவில்லை. காலுக்கு ஆகிற செலவு தன்னுடையது என்றார். வேலாயுதம் பாதத்தை என் மடியில் நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. முப்பது வருஷம் ஜனங்களோடு மல்லுக்கட்டியவருக்குக் கோபம் மெதுவாகத்தான் வரும்போலிருக்கிறது.

பள்ளிகொண்டா தாண்டியபோது அவர் கேட்டார். "எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சுங்க. நீங்கதான் கடைசி," என்றேன்.

"அந்த லக்னோக்காரருக்கு?"

ரோஹன் வேகத்தைக் குறைத்தார்.

"என் பொண்ணு கம்ப்யூட்டர்ல படிச்சுக் காட்டுச்சு. ஆறு வருஷம் கழிச்சு அப்பா கோயிலுக்கு நடந்து போனார்னு யாரோ ஒரு புள்ள எழுதியிருந்துச்சாம். படிச்சிட்டு எம் பொண்ணு கரகரன்னு அழுதுச்சு. எங்கப்பாவும் அப்படி நடக்கணும்னு சொல்லி, வேற எதையும் பாக்காம அன்னைக்கே வாங்கிச்சு. அந்தப் பெரியவரும் எட்டாம் நம்பர்தான். எனக்குக் குத்துன ஆணி அவருக்கும் குத்தியிருக்கும்ல? அவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கம்மா. என்னை அப்புறம் பாத்துக்கலாம்."

ஜெஃப்ரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரோஹன் வேனை ஓரமாக நிறுத்தினார். லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவர் திரும்பவில்லை, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்.

"அப்படி ஒரு அப்பா இல்லைங்க. அதை நான்தான் எழுதினேன்."

வேலாயுதம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எம் பொண்ணு," என்றார், "யாருக்காகய்யா அழுதா?"